காலிகளின் பட்டியல்

கொரியத் தொடர்களில் காதல் கதைகள் எனக்கு ஒத்துவருவதில்லை. மழையில் ஒரு குடைக்குக் கீழே பத்து நிமிடம் பேசாமல் நிற்பார்கள். பொறுமை போய்விடும். பழிவாங்கும் கதை என்றால் மட்டும் விடியற்காலை இரண்டு மணி வரைக்கும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பேன். 2021இல் வந்த 'டாக்ஸி டிரைவர்', 2023இல் வந்த 'விஜிலாண்டே' இரண்டையும் அப்படித்தான் பார்த்து முடித்தேன். முதலாவதில் ஒரு டாக்ஸி நிறுவனம் ரகசியமாகப் பழிவாங்கும் சேவை நடத்துகிறது. இரண்டாவதில் பகலில் போலீஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவன், இரவானால் சட்டத்தின் ஓட்டை வழியாகத் தப்பித்தவர்களைத் தேடிப் போகிறான். நீதிபதி கோட்டை விடுகிறார், அரசியல்வாதி காசு வாங்குகிறார், போலீஸ் கண்ணை மூடிக்கொள்கிறது. கடைசியில் ஒருவன் கையில் சுத்தியலோடு வருகிறான். நமக்கும் நெஞ்சுக்குள் ஏதோ அடைப்பு விட்ட மாதிரி இருக்கிறது.

இந்த வகைத் தொடர்களில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு ஆள் உண்டு. அது கேமரா. குற்றவாளி குற்றம் செய்வதை கேமரா நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறது. சின்னப் பெண்ணை அவன் இழுத்துப் போனதை நாம் பார்த்தோம். கிழவியின் வீட்டுப் பத்திரத்தில் அவன் கையெழுத்து வாங்கியதைப் பார்த்தோம். ஆகவே கதாநாயகன் தப்பான ஆளை அடிக்கவே முடியாது. சாட்சி, குறுக்கு விசாரணை, சந்தேகத்தின் பலன் எல்லாமே தேவையற்ற தாமதமாகத் தெரிகின்றன. நாமே சாட்சி, நாமே நீதிபதி. தொடர் எடுப்பவர்கள் இந்த ஒரு சலுகையை நமக்குக் கொடுத்துவிட்டு மிச்ச எல்லாவற்றையும் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

"நம்ம ஊருக்கும் இப்படி ஒருத்தன் வேணும்டா" என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வரும். 2013 ஆகஸ்டில் பினாங்கில் ஐந்து பேர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்கள் குண்டர் கும்பல் என்று சொல்லப்பட்ட அன்றைக்கே, சாப்பாட்டுக் கடைகளில் "சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்று நம் ஆட்களே சொல்லக் கேட்டேன். அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று சொன்ன ஒரு பெரியவருக்கும் தெரியாது. அவரும் கெட்டவர் இல்லை. மகள் கழுத்துச் சங்கிலியை மோட்டார்சைக்கிளில் வந்தவன் அறுத்துக்கொண்டு போன கோபம் அவருக்கு.

இப்படி 'ஒருத்தன்' வந்த ஊர் நமக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். ஜாவாவில் இருக்கும் ஜோக்ஜகார்த்தா. சுற்றுலாவுக்குப் போய் போரோபுதூரில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோமே, அதே ஊர்தான்.

1983இன் தொடக்க மாதங்களில் அந்த ஊரின் காலை நேரங்கள் மாறின. சாலையோரத்தில், பாலத்துக்கு அடியில், சந்தைக்குப் பக்கத்தில் பிணங்கள் கிடக்க ஆரம்பித்தன. கைகள் கட்டப்பட்டிருக்கும். தலையிலோ நெஞ்சிலோ குண்டுக் காயம். சில பிணங்கள் சாக்குப் பைக்குள் இருந்தன. பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் உடம்பில் பச்சை குத்தியவர்கள். இரவில் சாதாரண உடையில் சிலர் ஜீப்பில் வந்து வீட்டிலிருந்து அழைத்துப் போவார்கள், அவ்வளவுதான். யார் சுட்டது என்று யாரும் சொல்லவில்லை. 'பெனெம்பாகான் மிஸ்டெரியுஸ்', அதாவது மர்மத் துப்பாக்கிச் சூடு என்று பத்திரிகைகள் எழுதின. சுருக்கப் பெயர் வைப்பதில் இந்தோனேசியர்களை யாரும் மிஞ்ச முடியாது. இரண்டு சொல்லின் முன்பாதி பின்பாதியை ஒட்டி 'பெட்ருஸ்' என்றாக்கினார்கள். ஏசுவின் சீடர் பேதுருவுக்கு அங்கே வழங்கும் பெயரும் அதுதான். ஏதோ ஒரு ஆளைப் போல அந்தப் பெயர் புழங்க ஆரம்பித்தது. நேற்று ராத்திரி பெட்ருஸ் வந்தான், இன்றைக்கு யார் வீட்டுக்கோ.

செத்தவர்களுக்கும் ஒரு சுருக்கப் பெயர் இருந்தது. 'கபுங்கான் அனாக் லியார்', அடங்காத பிள்ளைகளின் கூட்டம். அதன் சுருக்கம் 'காலி'. முதன்முதலாக இதைப் படித்தபோது அசந்துபோனேன். தமிழிலும் அதே சொல், அதே பொருள். காலிப் பயல் என்று பாட்டி திட்டுவாளே அதே காலி. இரண்டுக்கும் வேர்த் தொடர்பு ஏதும் கிடையாது, வெறும் தற்செயல்தான். மலாயில் 'காலி' என்றால் தோண்டுவது என்றும் பொருள். இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஜோக்ஜகார்த்தாவில் மர்மம் ரொம்ப நாள் மர்மமாக இருக்கவில்லை. அந்த நகரின் ராணுவப் படைப்பிரிவுத் தலைவர் லெஃப்டினன்ட் கர்னல் முகமது ஹஸ்பி, குற்ற ஒழிப்பு நடவடிக்கை தம்முடையதுதான் என்று வெளிப்படையாகவே பேசினார். காலிகள் படை முகாமுக்கு வந்து பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், தொடர்ந்து வந்து முகம் காட்ட வேண்டும். வராதவர்கள் வேட்டையாடப்படுவார்கள். ஜகார்த்தாவில் போலீஸ் ஏற்கனவே 'கிளுரிட் நடவடிக்கை' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. கிளுரிட் என்றால் மதுரா தீவுக்காரர்கள் வைத்திருக்கும் வளைந்த அரிவாள். அதன்பின் ஸெமாராங், சுரபாயா, மேடான் என்று பிணங்கள் ஊர் ஊராகப் பரவின.

பட்டியல் என்று ஒன்று இருந்தது. அதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பழைய சிறைப் பதிவுகள், உளவுக் குறிப்புகள், கம்போங் தலைவர்கள் சொன்ன பெயர்கள், யாரோ யாரையோ கைகாட்டியது எல்லாம் சேர்ந்து உருவான பட்டியல். பத்து வருடம் முன்பு திருடிவிட்டு இப்போது மீ விற்றுப் பிழைக்கிறவன் பெயரும் அதில் இருக்கலாம். கடன் தகராறில் பக்கத்து வீட்டுக்காரன் சொல்லிக்கொடுத்த பெயரும் இருக்கலாம். பட்டியலைப் பார்க்கும் உரிமை பட்டியலில் இருப்பவனுக்குக் கிடையாது. கொரியத் தொடரின் கேமரா இங்கே இல்லை. அதன் இடத்தில் பச்சை குத்திய தோல் இருந்தது. பச்சை இருந்தால் காலி, காலி என்றால் குற்றவாளி.

ஆகவே ஆயிரக்கணக்கான ஆண்கள் தங்கள் தோலிலிருந்து பச்சையை அழிக்கக் கிளம்பினார்கள். சூடான துணி தேய்க்கும் பெட்டியை வைத்துச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. அமிலம் ஊற்றிக்கொண்டவர்கள் உண்டு. அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. காதலியின் பெயரைக் குத்திக்கொண்டவனும், கப்பலில் வேலை பார்த்தபோது நங்கூரம் குத்திக்கொண்டவனும் இதில் அடக்கம்.

எத்தனை பேர் செத்தார்கள்? சட்ட உதவி அமைப்புகள் திரட்டியதாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கில் 1983இல் மட்டும் 532 பேர். அதில் 367 பேருக்குத் துப்பாக்கிக் காயம். அடுத்த ஆண்டு 107, அதற்கடுத்த ஆண்டு 74. இது கண்ணுக்குத் தெரிந்த பிணங்களின் கணக்கு. ஆற்றோடு போனவை இதில் சேராது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பல ஆயிரம் என்கிறார்கள்.

மக்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலோருக்கு நிம்மதி. பேருந்து நிலையத்தில் கப்பம் கேட்டவன் காணாமல் போனான். இரவில் பெண்கள் நடமாட முடிகிறது என்றார்கள். எண்ணெய் விலை விழுந்து, 1983 மார்ச்சில் ரூபியாவின் மதிப்பை ஒரே நாளில் 702இலிருந்து 970ஆக ஒரு டாலருக்குத் தளர்த்தியிருந்த காலம். வேலையில்லை, திருட்டு அதிகம். பயத்தில் இருந்தவர்களுக்கு இது மருந்தாகப் பட்டது. மறுத்துப் பேசியவர்கள் கொஞ்சம் பேர். சட்ட உதவிக் கழகத்தின் வழக்கறிஞர்கள் பேசினார்கள். சில மாதம் முன்புவரை துணை அதிபராக இருந்த ஆடம் மாலிக் பேசினார். சட்டத்துக்குப் புறம்பான எந்த முயற்சியும் நாட்டை அழிவில் கொண்டுபோய் விடும் என்பது அவர் பேச்சின் சாரம். ராணுவத் தளபதி பென்னி மூர்டானியோ, இவை காலிக் கும்பல்களுக்குள் நடக்கும் சண்டை என்று விளக்கம் சொன்னார். கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில் சண்டை போட்டுச் செத்தவர்கள் போலும்.

சரி, இந்தக் காலிகள் யார்? இங்கேதான் கதை அரசியலுக்குள் போகிறது.

இந்தோனேசியாவில் அடியாளுக்குப் 'ப்ரெமான்' என்று பெயர். டச்சு மொழியின் 'வ்ரை மான்', சுதந்திர மனிதன் என்பதிலிருந்து வந்த சொல். ஒரு முதலாளியிடமும் கட்டுப்படாதவன் என்று அர்த்தம். உண்மையில் அவனைப்போலக் கட்டுப்பட்டவன் யாருமில்லை. சுஹார்த்தோவின் 'புதிய ஒழுங்கு' ஆட்சியில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆளும் கோல்காருக்குக் கூட்டம் சேர்க்கவும், எதிர்க்கட்சிக் கூட்டத்தைக் கலைக்கவும், கிராமத்தில் முறைத்துப் பார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. சீருடைக்காரர்கள் செய்ய முடியாத வேலை. 1982 மே மாதம் தேர்தல். அதற்கு முன், மார்ச் 18ஆம் தேதி, ஜகார்த்தாவின் லாப்பாங்கான் பாந்தேங் திடலில் கோல்கார் நடத்திய பெரும் பிரச்சாரக் கூட்டம் கலவரமாக முடிந்தது. வாகனங்கள் எரிந்தன. அதைப் பற்றி எழுதிய 'டெம்போ' வார இதழ் சில வாரங்கள் தடை செய்யப்பட்டது. கலவரத்தை நடத்தியது எதிர்க்கட்சி இல்லை, ஆளும் தரப்புக்குள் ஒரு பிரிவு வாடகைக்கு எடுத்த ப்ரெமான்கள்தான் என்ற பேச்சு அப்போதே இருந்தது. அலி மூர்த்தோப்போ என்ற தந்திரக்கார ஜெனரலின் பெயர் அடிபட்டது. தேர்தலில் கோல்கார் 64 விழுக்காடு வாக்கு வாங்கியது. 1983 மார்ச்சில் சுஹார்த்தோ நான்காம் முறையாக அதிபரானார். 'வளர்ச்சியின் தந்தை' என்ற பட்டமும் கிடைத்தது.

அதே மார்ச்சில்தான் ஜோக்ஜகார்த்தாவின் நடவடிக்கை முழு வேகம் பிடித்தது.

மத்திய ஜாவாவில் 'ஃபஜார் மெஞ்ஞிங்ஸிங்' என்று ஒரு அறக்கட்டளை இருந்தது. விடியல் வெளுக்கிறது என்று பொருள். சிறையிலிருந்து வந்தவர்களுக்கு மறுவாழ்வு கொடுப்பதற்கென்று தொடங்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த பாத்தி மூல்யோனோ, தாங்கள் 1982 தேர்தலில் கோல்காருக்கு வேலை பார்த்ததைப் பிற்காலத்தில் பத்திரிகைகளுக்குச் சொன்னார். அவர் பெயரும் பட்டியலில் வந்தது. மலைப்பக்கம் தலைமறைவாகிப் பிழைத்தார். அவருடைய ஆட்கள் பலர் பிழைக்கவில்லை. தேர்தலுக்கு முன் பெயர் எழுதிக்கொண்டவர்களும் தேர்தலுக்குப் பின் பெயர் எழுதிக்கொண்டவர்களும் ஒரே தரப்புதான்.

பெட்ருஸ் எதற்காக என்பதற்கு ஆய்வாளர்கள் பல விளக்கம் சொல்கிறார்கள். குற்றத்தை ஒழிக்க என்பது ஒன்று. மூர்டானி தரப்பு அலி மூர்த்தோப்போவின் அடியாள் வலையை அறுத்தது என்பது இன்னொன்று. ஜேம்ஸ் சீகல் 'ஜகார்த்தாவில் ஒரு புதிய குற்றவாளி வகை' என்ற தன் நூலில், குற்றவாளியின் மீது மக்களுக்கு இருந்த பயத்தை அரசு தனக்கு எடுத்துக்கொள்ள விரும்பியது என்கிற திசையில் யோசிக்கிறார். எனக்கு அந்தத் திசை பிடித்திருக்கிறது. ஊரில் இரவில் பயமுறுத்த ஒருவனுக்குத்தான் இடம் உண்டு, இரண்டு பேருக்குக் கிடையாது. ஒரு சான்று சொல்கிறேன். எல்லா ப்ரெமான்களும் அழியவில்லை. சீருடை போட்டு, பதிவு செய்த அமைப்பாக, மேலிடத்துக்கு விசுவாசமாக இருந்த 'பெமூடா பஞ்சசீலா' போன்றவை பெட்ருஸுக்குப் பிறகு செழித்தன. ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் 2012ஆம் ஆண்டு ஆவணப்படம் 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' பார்த்தவர்களுக்கு அந்த ஆரஞ்சு கறுப்புச் சீருடை ஞாபகம் இருக்கும். ப்ரெமான் என்றால் சுதந்திர மனிதன் என்று அதில் திரும்பத் திரும்பப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இதே காலத்தில் பெரிய திருடர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்கலாம். தொடர்களில் கதாநாயகன் கடைசி இரண்டு அத்தியாயங்களில் அவர்களிடம் வந்து சேர்வான். ஜாவாவில் அப்படி யாரும் வந்து சேரவில்லை. அரசு எண்ணெய் நிறுவனம் பெர்த்தமினா 1975இல் பத்து பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட கடனில் மூழ்கி நாட்டையே திவாலாக்கப் பார்த்தது. அதன் தலைவர் இப்னு சுத்தோவோ 1976இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். விசாரணை இல்லை, வழக்கு இல்லை. சௌகரியமாக வாழ்ந்து முதுமையில் இறந்தார்.

அவருடைய உதவியாளராக இருந்த தாஹிர் என்ற அதிகாரியின் கதை சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 1976இல் அவர் இறந்தபோது சிங்கப்பூரில் ஒரு ஜப்பானிய வங்கிக் கிளையில் கோடிக்கணக்கான பணம் அவர் பெயரில் இருப்பது தெரியவந்தது. அரசு நிறுவனச் சம்பளத்தில் ஏழு பிறவி எடுத்தாலும் சேர்க்க முடியாத தொகை. கிராகாத்தாவ் இரும்பு ஆலைக் கட்டுமானத்தில் ஜெர்மன் நிறுவனங்கள் கொடுத்த கமிஷன். இரண்டாவது மனைவி ஒரு பக்கம், பெர்த்தமினா ஒரு பக்கம் என்று உரிமை கோரினார்கள். 1992இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் பெர்த்தமினாவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 1994இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. அதற்குள் வட்டியோடு அது சுமார் எட்டுக் கோடி அமெரிக்க டாலராக வளர்ந்திருந்தது. லஞ்சப் பணம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வழக்கு. பதினெட்டு வருடம், ஆவணங்கள், வழக்கறிஞர்கள், குறுக்கு விசாரணை. பெர்த்தமினா தரப்பில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் பென்னி மூர்டானி.

இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நீதி என்றால் அந்தப் பதினெட்டு வருடம்தான். சலிப்பூட்டும், செலவு பிடிக்கும், இறந்துபோனவனுக்கும் ஒரு தரப்பு உண்டு என்று ஒத்துக்கொள்ளும். சைக்கிள் திருடியவனுக்கும் அது கிடைத்திருக்க வேண்டும். அவனுக்குக் கிடைத்தது சாக்குப் பை.

பெட்ருஸின் மர்மத்தை உடைத்தது எந்தப் பத்திரிகையாளரும் அல்ல. 1989இல் சுஹார்த்தோவின் தன்வரலாறு வெளிவந்தது. அதில் அவரே சொல்லிவிட்டார். இதில் மர்மம் ஒன்றுமில்லை, குற்றவாளிகள் மனிதத்தன்மையைத் தாண்டிப் போய்விட்டார்கள், கடுமையாக நடந்துகொள்ள வேண்டியிருந்தது, எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள் என்கிறார். பிணங்களில் சிலவற்றை அப்படியே போட்டுவிட்டு வந்தது எதற்கு என்பதையும் விளக்குகிறார். அதிர்ச்சி வைத்தியமாம். அதற்கு ஆங்கிலச் சொல்லையே பயன்படுத்தியிருக்கிறார். குற்றச் செயல்களை அடக்க ஒருவர் இருக்கிறார் என்று மக்கள் புரிந்துகொள்ள வேண்டுமாம். உலகத்தில் எத்தனையோ ஆட்சியாளர்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள். பதவியில் இருக்கும்போதே, கேட்பாரில்லாமல், தானாக அச்சில் ஏற்றியவர்கள் அபூர்வம். புத்தகம் கடைகளில் விற்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் அவர்மீது வழக்குத் தொடுக்க முடியவில்லை.

அந்தப் புத்தகத்தை எழுதிக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாவலாசிரியர் ரமதான் கே. எச். மற்றவர் ஜி. த்விபாயனா. இரண்டாமவர் யார் என்று தேடியபோதுதான் எனக்கு இந்த விஷயம் முழுக்கத் தொலைக்காட்சிக்குத் திரும்பி வந்தது. அவர் ராணுவ அதிகாரி, அரசுத் திரைப்பட நிறுவனத்தின் தலைவர். 1984இல் அரிஃபின் சி. நூர் இயக்கத்தில் 'பெங்கியானாதான் ஜி30எஸ்/பிகேஐ' படத்தைத் தயாரித்தவர். 1965இல் ஜெனரல்கள் கடத்திக் கொல்லப்பட்ட கதையை, ரத்தமும் இருட்டுமாக, நான்கு மணி நேரத்துக்கும் மேலாகச் சொல்லும் படம். அரசுத் தொலைக்காட்சியான டிவிஆர்ஐ, சுஹார்த்தோ வீழும்வரை வருடந்தோறும் செப்டம்பர் 30ஆம் தேதி இரவு அதைக் காட்டியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் கெட்ட கனவு முழுக்க அந்தப் படத்திலிருந்து வந்ததுதான். ஜெனரல்கள் சாவதை கேமரா காட்டியது. அதற்குப் பிறகு கிராமம் கிராமமாகக் கொல்லப்பட்ட லட்சக்கணக்கானவர்களை அது காட்டவே இல்லை. மேலே சொன்னேனே, கேமராவின் சலுகை என்று. அரசே இயக்குநராக இருந்தால் அந்தச் சலுகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அதே திரைப்பட நிறுவனம்தான் 1981இலிருந்து 'சி உஞ்ஞில்' என்ற குழந்தைகள் பொம்மலாட்டத் தொடரையும் தயாரித்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. இனிமையான தொடர். அதில் பாக் ஓகா என்று ஒரு மொட்டைத்தலைச் சோம்பேறி வருவார். இரவுக் காவல் கொட்டகையிலேயே படுத்துக் கிடப்பார். யார் என்ன உதவி கேட்டாலும் முதலில் நூறு ரூபியா கேட்பார். நாடே சிரித்தது. இன்றைக்கும் ஜகார்த்தா முச்சந்திகளில் வாகனங்களைத் திருப்பிவிட்டுக் காசு வாங்கும் பையன்களுக்குப் பாக் ஓகா என்றுதான் பெயர். அமைச்சரிலிருந்து எழுத்தர்வரை எல்லோரும் செய்துகொண்டிருந்த காரியத்தை வேலையில்லாத ஒருவனுக்கு மட்டும் குணமாகக் கொடுத்துவிட்டார்கள் பாருங்கள். என்ன ஒரு வசதி!

பத்திரிகைகள் அடக்கி வாசித்த இடத்தில் சிறுகதை நுழைந்தது. செனோ குமிரா அஜிதர்மா 1985 வாக்கில் எழுதிய பெட்ருஸ் கதைகள் பின்பு 1993இல் 'பெனெம்பாக் மிஸ்டெரியுஸ்' என்ற தொகுப்பாக வந்தன. 'ஓட்டுக் கூரையில் மழையின் ஓசை' என்ற கதையை மட்டுமாவது படித்துவிடுங்கள். சாவித்ரி என்று ஒருத்தி. ஒவ்வொரு மழை ஓய்ந்ததும் சந்து முனையில் பச்சை குத்திய ஒரு பிணம் கிடக்கும். அவள் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். அவளுடைய பமுஜியும் பச்சை குத்தியவன், ஊரை விட்டு ஓடிப்போனவன். கிடப்பது அவன்தானா என்று பார்க்கிறாள். சந்துக்காரர்கள் கூடிநின்று வேடிக்கை பார்க்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். கதையில் துப்பாக்கிக்காரன் முகம் வருவதில்லை. 'குரோன்சோங் பெம்புனுஹான்' கதையில் நேர்மாறு. அதில் சொல்பவனே கூலிக்குச் சுடுகிறவன், உயரமான இடத்திலிருந்து விருந்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறான். மெல்ல அவனுக்குத் தோன்றுகிறது, தப்பான ஆளைக் குறிபார்க்கச் சொல்கிறார்களோ என்று. இந்த ஒரு சந்தேகத்தை எந்தப் பழிவாங்கும் தொடரின் கதாநாயகனுக்கும் வரவிடமாட்டார்கள். வந்தால் இரண்டாவது சீசன் எடுக்க முடியாது.

எகா குர்னியாவானின் 'சந்திக் இது லூகா' 2002இல் வந்தது. அதிலும் மாமான் கெண்டெங் என்ற ப்ரெமானும் அவன் ஆட்களும் வருகிறார்கள். அவர்கள் வேட்டையாடப்படும் பக்கங்கள் பெட்ருஸ் காலத்தை நினைவுபடுத்துபவை. அந்த நாவல் எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. பேய்கள் கொஞ்சம் அதிகம். ஆனால் அடியாளைக் கோமாளியாகவோ வீரனாகவோ ஆக்காமல், பேருந்து நிலையத்தில் ஆடும் நாற்காலி போட்டு உட்கார்ந்து சோம்பிக் கிடக்கிற ஒரு மனிதனாக அவர் எழுதியிருக்கும் பக்கங்களை மறக்க முடியாது. நம் மலேசியத் தமிழ்ப் புனைவில் குண்டர் கும்பல் இளைஞர்கள் நிறைய வருகிறார்கள். பெரும்பாலும் எச்சரிக்கைப் பலகையாக வருகிறார்கள். அம்மா அழுவாள், அவன் சாவான். அவனுக்குத் தேர்தல் காலத்தில் கொடி கட்ட ஐம்பது வெள்ளி கொடுத்தது யார் என்று கதை கேட்பதில்லை.

2012இல் இந்தோனேசிய மனித உரிமை ஆணையம் பெட்ருஸைக் கடும் மனித உரிமை மீறல் என்று அறிவித்து அரசு வழக்கறிஞருக்கு அனுப்பியது. வழக்கு நகரவில்லை. 2023 ஜனவரி 11ஆம் தேதி அதிபர் ஜோக்கோ விடோடோ, கடந்த காலத்தின் பன்னிரண்டு மீறல்களைப் பெயர் சொல்லி ஏற்று வருத்தம் தெரிவித்தார். 1982இலிருந்து 1985வரையிலான மர்மத் துப்பாக்கிச் சூடு அதில் ஒன்று. நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு என்றார்கள். பட்டியல் இன்றுவரை வெளியாகவில்லை.

நடுவில் ஒன்று நடந்தது. 2013 மார்ச் மாதம் ஜோக்ஜகார்த்தாவில் ஒரு கேளிக்கை விடுதியில் நடந்த தகராறில் சிறப்புப் படை வீரர் ஒருவர் கொல்லப்பட்டார். நான்கு பேர் கைதாகி நகரை ஒட்டிய செபோங்ஙான் சிறையில் வைக்கப்பட்டார்கள். விசாரணைக் கைதிகள்தான், தீர்ப்பு இனிமேல்தான். மார்ச் 23ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல் முகமூடி அணிந்த சிறப்புப் படை வீரர்கள் துப்பாக்கியோடு சிறைக்குள் புகுந்து, அறையைத் தேடிப்பிடித்து, நால்வரையும் சுட்டுக் கொன்றார்கள். கண்காணிப்புக் கேமராவின் பதிவையும் விட்டுவைக்கவில்லை. பிற்பாடு ராணுவ நீதிமன்றம் அவர்களுக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. முதன்மையாகச் சுட்டவருக்குப் பதினொரு வருடம். தீர்ப்புக்கு முன்பே நகரத்தில் பதாகைகள் முளைத்திருந்தன. ப்ரெமான்களை ஒழித்ததற்காகச் சிறப்புப் படைக்கு நன்றி சொல்லும் பதாகைகள். முப்பது வருடம் கழித்து, அதே ஊர்.

நால்வரும் இருந்த அறையில் வேறு முப்பத்தொரு கைதிகளும் இருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, வந்தவர்கள் வெளியேறுவதற்கு முன், அவர்களைக் கை தட்டச் சொன்னார்கள் என்று அன்றைய செய்திகள் சொல்கின்றன. அவர்கள் தட்டினார்கள்.